துணி கட்டாத ஒன்பது செடிகள்

முதுகில் ஒன்பது பூச்செடிகளோடு அந்தக் காட்டெருமை எங்கள் பேரிக்காய்த் தோட்டத் தெருவுக்குள் வந்த அன்று கேஸ் சிலிண்டர் வண்டியும் வந்திருந்தது. பதினெட்டு நாளாக வராத வண்டி என்பதால் நாங்கள் காலிச் சிலிண்டர்களை உருட்டிக்கொண்டு அதன் பின்னால்தான் ஓடினோம். எருமை ஓரமாக ஒதுங்கி நின்று, வண்டி திரும்பிப் போகும்வரை காத்திருந்து, பிறகு தன் வழியே தேயிலைச் சரிவில் இறங்கிப் போனது. சிலிண்டர்களை வீட்டுக்குள் சேர்த்த பிறகுதான் பிலோமினா டீச்சர், "அது முதுகுல என்னமோ முளைச்சிருந்ததே, பார்த்தீங்களா?" என்று கேட்டார். பார்த்திருந்தோம். நீள நீளமாக, விசிறி மாதிரி விரிந்த பச்சை இலைகள். கோத்தகிரி மழைக்கு எதில்தான் எது முளைக்காது, போன வருஷம் என் ஸ்கூட்டர் சீட்டில் காளான் முளைத்தது என்று நான் சொன்னேன். பேச்சு அத்தோடு முடிந்தது.

கடைசி வீட்டுச் சென்னியப்பனுக்கு மட்டும் அது முடியவில்லை. அவர் தன் சிலிண்டரை நடுத்தெருவில் விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சிலிண்டரை நான்தான் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். ஏன் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. அதைப் பிறகு அவரே எல்லார் முன்னாலும் சொன்னார். அவர் சொன்னபடியே சொல்கிறேன், நடுவில் என் பங்கும் வரும், அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

சென்னியப்பனின் மனைவி தெய்வானையம்மா ஐரிஸ் வளர்ப்பவர். வளர்ப்பவர் என்று சொன்னால் பாதிதான் சொன்ன மாதிரி. அவர் புது ஐரிஸ்களை உண்டாக்குகிறவர். மூன்று இதழ் மேலே நிமிர்ந்தும் மூன்று இதழ் கீழே தொங்கியும், தொங்குகிற இதழ் ஒவ்வொன்றிலும் சின்னதாகத் தாடி வைத்தும் இருக்குமே, அந்தப் பூ. ஏப்ரலில் அது விரிந்ததும், புருவம் திருத்துகிற இடுக்கியால் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் உள்ளே தடவி, தாய் எது தகப்பன் எது என்று நோட்டில் எழுதி வைப்பார். காய் பழுத்து வெடித்ததும் மிளகு மாதிரி இருக்கிற விதைகளைப் பொறுக்கி, ஈரத்துணியில் சுற்றி, ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் இரண்டு மாதம் வைப்பார், ஏனென்றால் குளிர் படாமல் அது முளைக்காது. முளைத்த கன்றைப் பாத்தியில் நட்டு, பவுடர் டப்பாத் தகரத்தை வெட்டி ஆணியால் எண் கீறி அதன் கழுத்தில் கட்டித் தொங்கவிடுவார். அது பூத்துக் காட்ட மூன்று வருஷம். பூத்ததைப் பார்த்து, பிடிக்காததைக் கழித்து, பிடித்ததை மறுபடி ஒன்றோடொன்று சேர்த்து, மறுபடி மூன்று வருஷம். இப்படிப் பதினோரு வருஷம் அவர் தேடியது ஒரே ஒரு நிறத்தை. ஐரிஸில் வெள்ளை உண்டு, மஞ்சள் உண்டு, நீலம் உண்டு, கறுப்புக்குக் கிட்ட வருகிற ஊதாகூட உண்டு, சிவப்பு கிடையாது. தெய்வானையம்மாவின் தோட்டத்தில் காவி வந்தது, செங்கல் வந்தது, அரக்கு வந்தது, அதற்கு மேல் வரவில்லை.

கழிப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. பூத்து, பார்த்து, வேண்டாம் என்று முடிவான செடிக்கு ஒரு துணி கட்டுவார். சென்னியப்பனின் பழைய வெள்ளை வேட்டியை விரல் அகலத்துக்குக் கிழித்து, செடியின் கழுத்தைச் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டு, முனையை நீவிவிடுவார். "புடிச்ச செடிக்கு எதுக்குங்க அடையாளம், அதுதான் கண்ணுக்குள்ளயே நிக்குமே. கழிக்கிறதுக்குத்தான் ஒண்ணுக்கு நாலு தடவை யோசிச்சு முடிச்சுப் போடோணும்" என்று பிலோமினா டீச்சரிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். கணவரிடம் சொன்னதில்லை. அவர் கேட்டதில்லை; எந்த நிறத்தைத் தேடுகிறார் என்றும் கேட்டதில்லை. முப்பத்திநாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்து, தன் வேட்டியே கிழிபடுவதைப் பார்த்துக்கொண்டு, எதற்கு என்று கேட்காமல் ஒருவர் இருக்க முடியுமா என்றால், முடியும். என் வீட்டிலும் நான் கேட்காதவை நிறைய உண்டு.

சென்னியப்பன் தேயிலை ஃபாக்டரியில் இலை எடை போடும் இடத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்தவர். அங்கே நல்ல கொழுந்து வந்த சாக்கின் வாயில் வெள்ளைத் துணி கட்டுவார்கள். முற்றல் இலைச் சாக்குக்கு ஒன்றும் கட்டமாட்டார்கள். அந்தத் துணியை அவரே எத்தனை ஆயிரம் தடவை கட்டியிருப்பார் என்று அவருக்கே தெரியாது.

போன வருஷம் மே மாதம் தெய்வானையம்மா கண்ணில் புரை எடுக்கக் கோயமுத்தூர் போனார். இரண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது, இடது கண்ணை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிங்காநல்லூரில் தங்கை வீட்டில் மூன்று வாரம் தங்குவதாக ஏற்பாடு. கிளம்பும்போது, "ஏனுங்க, பாத்தியில கழிச்சதையெல்லாம் மழைக்கு முன்னால புடுங்கிப் போட்டுருங்க" என்றார். "சரி அம்மிணி" என்றார் இவர். அந்த வருஷம் பூத்த கன்றுகள் நாற்பது. முப்பத்தொன்றுக்குத் துணி கட்டியிருந்தது. ஒன்பது சும்மா நின்றன. மறுநாள் காலையில் காபி குடித்துவிட்டு சென்னியப்பன் பாத்திக்குள் இறங்கினார், அத்தனை பொறுமையாக முடிச்சுப் போட்டு நீவிவிட்ட முப்பத்தொன்றையும் ஒரு தடவை பார்த்தார், ஒரு முடிச்சுக்கூடப் பெறாத ஒன்பதையும் பார்த்தார், அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஒன்பதையும் வேரோடு பிடுங்கினார். அதில் பதினேழாம் எண் தகடு தொங்கிய செடியில் ஒரு பூ இருந்தது. அதைப் பார்த்தார். அழகாகத்தான் இருக்கிறது, பாவம், இவளுக்கு ஏனோ பிடிக்கவில்லை என்று நினைத்தார். நினைத்துவிட்டு ஒன்பதையும் ஒரே கட்டாகப் பின்பக்க மதிலுக்கு மேலாகச் சரிவில் வீசினார். மதிலுக்கு அந்தப்பக்கம் யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் சிங்காநல்லூரிலிருந்து போன் வந்தது.

"புடுங்கிட்டீங்களா?"

"புடுங்கிட்டேன் அம்மிணி. சுத்தம் பண்ணிட்டேன்."

"துணி கட்டாத ஒம்பது இருக்குதில்லீங்க, அதுக்கு மட்டும் வெயிலுக்கு வலை கட்டிருங்க. பதினேழாம் நம்பரு கிளம்பறதுக்கு மொத நாள் சாயங்காலம்தான் விரிஞ்சுது. நான் யாருகிட்டயும் சொல்லலை. எனக்குச் சிவப்பாத் தெரிஞ்சுதுங்க. புரைக்கண்ணு, அப்படிக் காட்டுதோ என்னமோ. வந்து நல்ல கண்ணுல பாக்கோணும்."

சென்னியப்பன் போனை வைத்துவிட்டு மதிலைச் சுற்றிக்கொண்டு சரிவுக்கு ஓடினார். அங்கே ஒரு இலைகூட இல்லை. பெரிய உடம்பு படுத்து எழுந்த பள்ளமும், காட்டெருமைக் குளம்படிகளும் மட்டும் இருந்தன. எருமை தின்றுவிட்டது என்று அவர் நம்பினார், அல்லது நம்ப விரும்பினார். திரும்பிப் போன் செய்து, "அம்மிணி, எருமை உள்ள வந்து அந்த ஒம்பதையும் மேஞ்சுபோட்டுதாட்ட இருக்குது" என்றார். முழுப் பொய் இல்லை, கொஞ்சம் முன்னால் நடந்ததைச் சொல்லாமல் விட்டதுதான் என்று தன்னையே சமாதானம் பண்ணிக்கொண்டார்.

எதிர்முனையில் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "கசக்குமேங்க. அது எப்படித் தின்னுச்சு?" என்று கேட்டது தெய்வானையம்மாவின் குரல்.

"பசிக்கு எது கசக்கும்?"

"அதுவுஞ் சரிதான். வாயில்லாத சீவன், அதுக்கு என்னங்க தெரியும்" என்றார். அந்த இடத்தில்தான் நான் செத்தேன் என்று சென்னியப்பன் பிறகு சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவள் எருமையை மன்னித்தாள், அந்த மன்னிப்பு எனக்கு வந்திருக்க வேண்டியது, நான் அதை வாங்க முடியாத இடத்தில் நின்றேன் என்றார்.

கறுப்புக் கண்ணாடியோடு வீடு திரும்பிய தெய்வானையம்மா பாத்திக்கு முன் நின்று, துணி கட்டிய முப்பத்தொன்றும் அப்படியே நிற்பதைப் பார்த்தார். வயசானவருக்கு நினைவில்லை போலிருக்கிறது, எதையோ பிடுங்கிச் சுத்தம் பண்ணியிருக்கிறார் என்று எண்ணி, தானே உட்கார்ந்து அத்தனையையும் பிடுங்கினார். புதுக் கண்ணில் எல்லாமே வேறு நிறமாக இருந்தது. சந்தன நிறம் என்று நினைத்திருந்த ஃபிரிட்ஜ் வெள்ளையாக இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தவர் ஒருநாள், "பதினேழாம் நம்பரை நீங்க பாத்தீங்களா? பூ இருந்துச்சே, என்ன நிறம்?" என்று கேட்டார்.

இவர் பார்த்திருந்தார். கையில் பிடித்திருந்தார். குங்குமத்தை நனைத்து வைத்த மாதிரி சிவப்பு. பார்த்தேன் என்றால் எப்போது பார்த்தீர்கள் என்று கேள்வி வரும், அது ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிடுங்கியது வரை போகும். அதனால், "கவனிக்கலை அம்மிணி" என்றார்.

"அப்ப அது புரைதான் போல" என்றார் தெய்வானையம்மா. பதினோரு வருஷத்தை அந்த ஒரு வார்த்தையில் மடித்து வைத்துவிட்டு உள்ளே போனார். அந்த வருஷம் அவர் விதைகூடப் போடவில்லை.

பொய்க்குத் தனியாக இருக்கப் பிடிக்காது போலிருக்கிறது. ஜூனில் எங்கள் தெருச் சங்கம் எருமைத் தொல்லை பற்றி வனத்துறைக்கு மனுக் கொடுத்தது. யார் வீட்டில் என்ன சேதம் என்று பிலோமினா டீச்சர் கேட்டு எழுதினார். எல்லாரும் சென்னியப்பனைப் பார்த்தோம். அவர் எழுந்து, தெருப்பக்கம் அடிக்கடி திரிகிற, வலது கொம்பு முனை உடைந்த ஆண் எருமை, கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது, ஒன்பது செடிகளை மேய்ந்தது, தடுக்கப் போன தன்னை முட்ட வந்தது என்று சொன்னார். முட்ட வந்தது என்பது அந்த நிமிஷத்தில் சேர்ந்தது. இவ்வளவு பேர் பார்க்கும்போது வெறுமனே மேய்ந்தது என்றால் நம்புவார்களோ என்று பயம். மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. நாற்பது பேர் போட்டோம். என் தண்ணீர்க் குழாயையும் அந்த எருமைதான் உடைத்தது என்று நான் எழுதினேன். அந்தக் குழாயை உடைத்தது ஸ்கூட்டரைப் பின்னால் எடுத்த நான்தான். ஊரே ஒருவன் தலையில் கட்டும்போது நம்முடையதையும் கட்டிவிடலாம் என்று தோன்றிவிடுகிறது.

செப்டம்பரில்தான், சொன்னேனே, சிலிண்டர் வண்டி வந்த அன்று, அந்தக் கொம்பு உடைந்த எருமை முதுகில் செடிகளோடு வந்தது. அடுத்த வாரமும் வந்தது. திமிலுக்குப் பின்னால் இரண்டு வரிசையாக, பாத்தி கட்டி நட்ட மாதிரி ஒன்பது செடிகள். விழாமல் மிஞ்சிய பதினேழாம் எண் தகடு ஒன்றின் கழுத்தில் தொங்கி நடைக்கு நடை கிணுகிணுத்தது. எட்டிப் பார்த்த தெய்வானையம்மா, "அட, என்ற ஐரிஸுங்க" என்றார். மேயும்போது பாத்தியில் புரண்டிருக்கும், கிழங்கு முதுகில் ஒட்டி வேர் பிடித்திருக்கும் என்று அவரே ஒரு காரணமும் சொன்னார். "வீணாப் போகலீங்க. ஏப்ரல்ல பூக்கும். பாத்தறலாம், சிவப்பா இல்லையான்னு" என்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு மாதம் கழித்து அன்றைக்குத்தான் அவர் சிரித்தார். சென்னியப்பனும் சிரித்தார், அழுகிறவர் சிரிக்கிற மாதிரி.

அதற்குப் பிறகு தெரு அந்த எருமையோடு பழகிக்கொண்டது. அது வருகிற நேரம் காலை பத்து மணி என்பதால் மினி பஸ் டிரைவர் பத்தேகாலுக்கு வரத் தொடங்கினார். ஒரு சாரார் முதுகில் செடி இருப்பது எருமைக்குக் கெடுதல், எடுத்துவிட வேண்டும் என்றார்கள். இன்னொரு சாரார் செடிக்குத்தான் எருமை கெடுதல், வெயிலில் அலைகிறது என்றார்கள். இரண்டு சாராரும் மழை இல்லாத நாளில் மாடியிலிருந்து ஆளுக்கொரு வாளித் தண்ணீர் ஊற்றினார்கள். அது முடிதிருத்தும் நாற்காலியில் உட்கார்ந்தவரைப் போலத் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்கும். இலையில் புள்ளி விழுந்தபோது பிலோமினா டீச்சர் வேப்பெண்ணெய் கரைத்துத் தெளித்தார். ஜனவரி உறைபனிக்கு ஊரே மலர்ச்செடிகளைத் தென்னோலை போட்டு மூடும்போது, எருமைக்கு யார் மூடுவது என்று சங்கத்தில் பேச்சு வந்தது. மறுநாள் அதன் முதுகில் ஒரு பழைய கம்பளி கிடந்தது. சென்னியப்பன் வீட்டுக் கம்பளி. இரண்டு மாதம் தினமும் சாயங்காலம், மதிலுக்குப் பின்னால் சரிவில் அது படுக்கிற இடத்துக்குப் போய் மூடியதும் காலையில் எடுத்ததும் அவர்தான். எருமைக்கு அத்தனை பக்கத்தில் போக எங்களில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. முட்ட வந்த எருமையிடம் இவர் இப்படிப் போகிறாரே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவும் இல்லை.

ஒன்று மட்டும் எல்லாரும் கவனித்தோம். தெருவில் திறந்த கேட்டுகள் எத்தனையோ இருந்தும் அது எந்த வீட்டுக்குள்ளும் நுழையவில்லை. தினமும் கடைசி வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து, கொம்புகூட உள்ளே படாமல், கால் மணி நேரம் சென்னியப்பனைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போகும்.

மார்ச் கடைசியில் வனக்காவலர் மாதன் காகிதத்தோடு வந்தார். ஜூனில் கொடுத்த மனு மெதுவாக மேலே போய், மெதுவாகக் கீழே இறங்கியிருந்தது. மனிதரை முட்ட வந்த விலங்கு என்பதால் மயக்க ஊசி போட்டுப் பிடித்து வேறு காட்டில் விட உத்தரவு. செடிகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, லாரியில் ஏற்றும்போது காயம் ஆகாமல் இருக்க முதுகைச் சிரைத்துவிடுவார்கள் என்றார். தெய்வானையம்மா, "ஏனுங்க, மனுவைத் திருப்பி வாங்கிருங்க. இன்னும் ரெண்டு வாரத்துல பூத்துரும்" என்று கணவரைக் கெஞ்சினார். மாதன் சென்னியப்பனைத் தனியாக ஒதுக்கி, "சார், திருப்பி வாங்க முடியாதுங்க. முதல் கையெழுத்துப் போட்டவரு, நான் எழுதினது பொய்ன்னு எழுதிக் குடுத்தாத்தான் நிறுத்துவாங்க" என்றார். பிறகு காலால் மண்ணைக் கீறிக்கொண்டே, "நான் காட்டுலயே பொறந்தவன். இந்தச் செடியை மாடு வாயில வைக்காதுங்க" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் சென்னியப்பன் தினமும் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, மேற்படி மனுவில் கண்டபடி என்று ஆரம்பித்து, கிழித்துப் போட்டார். எருமை போய்விட்டால் தான் செய்தது யாருக்கும் தெரியாமலே போகும் என்று ஒரு மனசு சொல்லும். எருமை போனால் அவள் அந்த நிறத்தை இனிப் பார்க்கவே மாட்டாள் என்று இன்னொரு மனசு சொல்லும். முதல் மனசு சொன்னதைக் கேட்டுக்கொண்டு இருந்தேன், அதையும் மறைக்க விரும்பவில்லை என்றார் எங்களிடம்.

ஏப்ரல் இரண்டாவது திங்கட்கிழமை இரும்புக் கூண்டு வைத்த லாரி வந்தது. கால்நடை டாக்டர் ஊசித் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு எருமை வழக்கம்போல வந்து கடைசி வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றது. பதினேழாம் எண் செடியில் நீண்டு தடித்த ஒரு மொட்டு. தெய்வானையம்மா குடையைப் பிடித்துக்கொண்டு மாதனிடம், "தம்பி, மொட்டு நாளைக்கு விரிஞ்சுரும். ஒரே நாளு. பாத்துட்டு அனுப்பிச்சர்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாதன் சென்னியப்பனைப் பார்த்தார். டாக்டர் துப்பாக்கியைத் தோளில் வைத்தார்.

"அது எங்க வீட்டுக்குள்ள வரவே இல்லீங்க" என்றார் சென்னியப்பன்.

யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. அவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்து எருமைக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் நின்று, மறுபடி சொன்னார். "உள்ள வரலை. மேயலை. என்னை முட்டவும் வரலை. கட்டாத ஒம்பதையும் புடுங்கினது நானு. மதிலுக்கு அக்கட்டால வீசினதும் நானு. அது பாவம், அங்க படுத்துக் கெடந்திருக்குது. மேல வுழுந்ததை ஒரு வருசமாச் சொமந்துக்கிட்டு என்ற வாசல்ல வந்து நிக்குது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார், துணியிலிருந்து தொடங்கி, போன், மனு, கிழித்த தாள் வரைக்கும். தெய்வானையம்மாவைப் பார்க்காமல் சொன்னார். தெய்வானையம்மா குடையை மடக்கினார், முகத்தில் வெயில் விழுந்ததைப் பொருட்படுத்தாமல் நின்றார். மாதன் லாரியின் பானெட்டின் மேல் தாளை வைத்து அவரை எழுதச் சொன்னார். அவர் எழுதி முடித்ததும் நான் போய், குழாயை உடைத்தது என் ஸ்கூட்டர் என்று கீழே எழுதினேன். பிலோமினா டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் பீட்ரூட் பாத்தியை மிதித்தது எருமை இல்லை, பெங்களூரிலிருந்து வந்த மருமகன் என்று எழுதினார். இப்படி ஒவ்வொருவராக எழுதத் தாள் போதாமல் பின்பக்கமும் எழுதினோம். கூண்டு காலியாகத் திரும்பிப் போனது.

அன்று முழுக்க தெய்வானையம்மா பேசவில்லை. நேரத்துக்குச் சோறு போட்டார், ரசம் ஊற்றினார்.

மறுநாள் பத்து மணிக்கு முன்பே நாங்கள் எல்லாரும் கடைசி வீட்டு வாசலில் இருந்தோம். எருமை வந்தது. கேட்டுக்கு வெளியே நிற்கவில்லை. முதல் தடவையாக உள்ளே வந்தது, ஒரு பூந்தொட்டியையும் இடிக்காமல் வெறும் பாத்தி வரைக்கும் நடந்துபோய், அதன் நடுவில் முன்னங்காலை மடித்துப் படுத்தது. பதினேழாம் எண் விரிந்திருந்தது. நாங்கள் யாரும் நிறத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை, ஏனென்றால் அதைச் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான்.

தெய்வானையம்மா பக்கத்தில் போனார். இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

"ஏனுங்க."

சென்னியப்பன் ஓடி வந்தார்.

"அன்னைக்கு இதைக் கையில புடிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன் அம்மிணி."

"என்ன நிறம்?"

"சிவப்பு."

"ஒரு வருசமா என்ற கண்ணை நானே நம்பாம இருந்தேனுங்க" என்றார் தெய்வானையம்மா. "செடியைப் புடுங்கினீங்க, போகுது, தெரியாமப் பண்ணினது. கேட்டப்ப நிறத்தை மட்டுமாச்சும் சொல்லியிருக்கலாம்." அவர் குரல் உயரவில்லை. அது உயர்ந்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மண்வெட்டி எடுத்து வரட்டுமா, பக்குவமாகத் தோண்டிப் பாத்தியில் வைத்துவிடலாம், டாக்டரைக் கூப்பிட்டு மரத்துப்போக ஊசி போடச் சொல்லலாம் என்றார். தெய்வானையம்மா எருமையின் முதுகில் கிழங்கு இறங்கிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். வேர் தோலுக்குள் ஆழமாகப் போயிருந்தது. விரல் பட்டதும் எருமையின் தோல் சிலிர்த்தது.

"வேண்டாம். ஒரு தடவை புடுங்கினது போதும்" என்றார்.

அது கால் மணி நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்து, வந்த வழியே சரிவில் இறங்கி, சோலைக்குள் போனது. உலகத்திலேயே ஒன்றே ஒன்றாக இருந்த சிவப்பு ஐரிஸ் அதன் முதுகில் ஆடி ஆடிப் போவதைத் தெய்வானையம்மா மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பூ உதிர்கிறவரைக்கும் அது தெருப்பக்கம் வரவில்லை. விதை கிடைக்குமா, அடுத்த ஏப்ரலில் வருமா என்று யாருக்கும் தெரியாது.

அன்று அது மறைந்த பிறகு தெய்வானையம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, உள்ளிருந்து வெள்ளைத் துணி ஒன்றை எடுத்தார். விரல் அகலத்துக்குக் கிழித்தது. பழைய வேட்டியின் கரைகூடத் தெரிந்தது. சென்னியப்பனின் வலது கையைப் பிடித்து இழுத்து, மணிக்கட்டைச் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டு, முனையை நீவிவிட்டார். எத்தனையோ வருஷம் செடிகளுக்குக் கட்டிய அதே பொறுமையோடு கட்டினார். கட்டிவிட்டு, "காபி வைக்கறேன், வாங்க" என்று உள்ளே போனார்.

அந்தத் துணிக்கு என்ன அர்த்தம் என்று இப்போது சென்னியப்பனுக்குத் தெரியும், எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவர் அதை அவிழ்க்கவில்லை. மார்க்கெட்டில் யாராவது எந்தக் கோயில் கயிறு என்று கேட்டால் கோயில் பேரைச் சொல்லித் தப்பிக்காமல், நின்று, முதலிலிருந்து சொல்கிறார்; கேட்டவர்தான் ஏன் கேட்டோம் என்று தவிக்க வேண்டியிருக்கிறது. காலையில் எழுந்ததும் கேட்டைத் திறந்து வைத்துவிட்டுச் சரிவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். துணி அழுக்காகி இற்றுப்போனால் தெய்வானையம்மா புதிதாக ஒன்று கிழித்துக் கட்டிவிடுகிறார். கட்டுகிறாரே தவிர, இன்னும் பிடுங்கிப் போடவில்லை.